டைரக்டாக் குடு

கனகசபை சாயந்திரம் வந்து சைக்கிளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சைக்கிள் தயாராகத்தான் நின்றது, பேட்டரி ஒன்றுதான் பாக்கி. பிலோமினா மத்தியானச் சோற்றில் இரண்டு வாய் தின்றுவிட்டு, கடை ஷட்டரைப் பாதி இறக்கி வெயிலை மறைத்து, மேஜை மேல் பேட்டரி செல்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். பாலக்கரையில் அந்த நேரத்துக்குத் தெருவே கண்ணயர்ந்து கிடக்கும். எப்போதாவது ஒரு பஸ் போகும், எதிர் டீக்கடையில் பாய்லர் ஸ்ஸென்று மூச்சு விடும், அப்புறம் மறுபடி வெயில்தான். கனகசபை சார் என்று வாய் சொன்னாலும் மனசு அவன் என்றுதான் சொன்னது, இந்த வாரம் முழுக்க அப்படித்தான், வாங்க சார், உட்காருங்க சார், உள்ளே அவன், அவன், அவன். ஷட்டர் இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சக் கோட்டில் அவனுடைய சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. பழைய கறுப்பு சைக்கிள், மட்கார்டு நசுங்கினது. கொண்டுவந்து போட்ட அன்றைக்கு அவன் முட்டியைத் தடவிக்கொண்டே பேசினான். இனிமேல் மிதிக்க முடியாதாம், புது எலக்ட்ரிக் சைக்கிள் விலையைக் கேட்டதும் கடைப் படியிலிருந்தே திரும்பிவிட்டானாம், யாரோ சொன்னார்களாம், பாலக்கரையில் ஒரு அம்மா இருக்கு, ஓட்டை உடைசலை வைத்தே வண்டி பண்ணிக் கொடுக்கும் என்று. "இருக்கறத வெச்சு முடிச்சுக் குடும்மா, நான் என்ன பென்ஷன்காரனா" என்றான். பாவமாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிந்தது, அவனைப் பார்த்துப் பாவப்பட்டது. அவனுக்காக அரியமங்கலம் காயலான் கடையில் வெயிலில் நின்று தேடினாள். வெள்ளத்தில் முங்கி எடைக்கு வந்த வாடகை சைக்கிளின் பின்சக்கர மோட்டாரைப் பேரம் பேசி வாங்கி, மூடியைக் கழற்றித் துருவைச் சுரண்டி, பேரிங் மாற்றி, ஈரம் போக அடுப்படியில் வைத்துக் காய்ச்சி எடுத்தாள். கிளம்புகிற வேகத்தில் மோட்டார் அச்சு கழன்று திரும்பிவிடக் கூடாது என்று, லாரி ஸ்பிரிங் பட்டையில் துண்டு வெட்டி அராவித் தாங்குபட்டை செய்து போட்டாள். அதற்குக் காசு கூடக் கேட்கவில்லை. முட்டி தேய்ந்த கிழவனுக்கு என்று.

ஸ்பாட் வெல்டிங் மிஷினின் பெடலைக் காலால் மிதித்தாள். டக். நிக்கல் பட்டை செல்லின் தலையில் ஒட்டிக்கொண்டு ஒரு பொறி மட்டும் தெறித்தது. மறுபடி டக். செத்துப்போன லேப்டாப் பேட்டரிகளை உடைத்து எடுத்த செல்கள். ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கிப் பார்த்து, சூடாகிறதை எல்லாம் தூக்கிப் போட்டு, தேறினதை மட்டும் சேர்த்தவை. இவைகளைக் கையாளும்போது அவளுக்கு எப்போதுமே கோழிக்குஞ்சுகளைப் பிடிக்கிற மாதிரி இருக்கும், உள்ளே உசிர் இருக்கிறது, அழுத்தினால் தெரியும். டக். அவன் இரண்டாம் தடவை வந்தது வெள்ளிக்கிழமை. செலவை இன்னும் எங்கே குறைக்கலாம் என்று பார்க்கத்தான் வந்தான். மேஜை மேல் கிடந்த பச்சை போர்டை நகத்தால் தட்டி "இது என்ன" என்றான். பி.எம்.எஸ். போர்டு சார், பேட்டரிக்குக் காவல் மாதிரி, ஒரு செல் மட்டும் அதிகமா ஏறினாலும், சூடானாலும், எங்கயாவது ஷார்ட் ஆனாலும் இது கட் பண்ணிடும் என்றாள். விலை கேட்டான். சொன்னாள். "அதெல்லாம் கம்பெனிக்காரன் காசு புடுங்கற வேலைம்மா. இது வேணாம். டைரக்டாக் குடு" என்றான். சொல்லிக்கொண்டே வலது கை இரண்டு விரலை மூக்குக்கு முன்னால் ஒரு சுண்டு சுண்டினான், இல்லாத ஈயை விரட்டுகிற மாதிரி. அவள் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. அந்தச் சுண்டலை அவள் பார்த்திருக்கிறாள். அவனிடத்தில் பார்த்ததில்லை. வீட்டில் பார்த்திருக்கிறாள். வேலை விட்டு வந்து கைலி கட்டிக்கொண்டு, கட்டிலில் ஏறி நின்று, தொப்பையைத் தள்ளிக்கொண்டு சவரிமுத்து செய்து காட்டுவார். எங்க சூப்பர்வைசர் எப்டிப் பேசுவாரு தெரியுமா பிலோ. இரண்டு விரலைச் சுண்டி, டைரக்டாக் குடுடா. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், பாப்பா எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரிக்கும். அவ்வளவு அச்சாகச் செய்திருக்கிறார் மனுஷன். முகத்தை வைத்து அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. துக்கத்துக்கு வந்தபோது அவனுக்குத் தலை நிறைய முடி இருந்தது, மீசை இருந்தது, அவள் அன்றைக்கு யார் முகத்தைப் பார்த்தாள். விரல்தான் காட்டிக்கொடுத்தது. செத்துப்போன புருஷன் கட்டில் மேல் நின்று காட்டின விரல். உங்க பேரு என்ன சார் என்று கேட்டாள், குரல் எங்கிருந்து வந்ததோ. கனகசபை, துவாக்குடியில சூப்பர்வைசரா இருந்தேன் என்றான், பெருமையாக.

சவரிமுத்து வேலை பார்த்த அந்தக் கம்பெனியில், அவர் செத்த வருஷத்து ஐப்பசி முழுக்க மழை. கூரை ஒழுகித் தரையெல்லாம் தண்ணீர், கிரைண்டிங் மிஷின் போட்டால் கரண்டு கசிந்து மெயினில் இருக்கிற டிரிப்பர் விழுந்துகொண்டே இருக்கும், எடுத்துவிட எடுத்துவிட விழும், வேலை நிற்கும், லோடு போகணும். சார் டிரிப்பரைக் கழட்டிட்டு டைரக்டாக் குடுக்கச் சொல்றாரு பிலோ, என்று முந்தின ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். அன்றைக்கு விரலைச் சுண்டிக் காட்டவில்லை. முடியாதுன்னு சொல்லுங்க என்றாள். சொன்னேன், முடியாதுன்னா முடிஞ்ச ஆள் வெளிய நிக்கறான்னாரு. அவ்வளவுதான் பேச்சு. பிறகு பாப்பாவின் ஷூ நனைந்ததைப் பற்றிப் பேசினார்கள். ஷூவுக்குள் பேப்பர் சுருட்டி வைத்தால் ஈரம் இழுக்கும் என்று சொல்லி அவரே சுருட்டி வைத்தார். மறுநாள் மிஷினின் இரும்பு உடம்பிலேயே கரண்டு. தண்ணீரில் நின்ற காலோடு அதில் கை வைத்தார். டக். பெடலை வேகமாக மிதித்துவிட்டாள், நிக்கல் பட்டையில் ஓட்டை விழுந்து பொசுங்கின வாடை. அதைப் பிய்த்து எறிந்துவிட்டு வேறு வெட்டினாள். விசாரணைக்கு வந்த ஆபீசர் கேட்டபோது அவன் சொன்னது அவள் காதில் விழுந்தது, வராண்டா பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்க, ஜன்னல் திறந்திருக்க. "அவனாத்தான் சார் கழட்டியிருக்கான். நல்ல வேலைக்காரன், ஆனா அவசரக்குடுக்க." அவனாத்தான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம். இன்வெர்ட்டர் ரிப்பேர்க் கடையில் கூட்டிப் பெருக்கப் போய், வேலை கற்றுக்கொண்டு, சொந்தக் கடை வைத்து, பாப்பாவை நர்சிங் படிக்க வைத்து, எல்லாம் ஆகியும் திடீரென்று பல் தேய்க்கிறபோது அவனாத்தான், பூசையில் முட்டி போட்டிருக்கிறபோது அவனாத்தான். கம்பெனிக்காரர்கள் கை விரித்தது கூடப் போகட்டும். மாமியார் சாகிற வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தாளே, என் மவன் அவசரப்பட்டு எங்க வாயில மண்ணப் போட்டுட்டான் என்று. பெற்றவளையே நம்ப வைத்த சொல்.

இப்போது அவனே வந்து அவனே கேட்கிறான். டைரக்டாக் குடு. இதில் அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, அதுதான் வெள்ளிக்கிழமையிலிருந்து அவளைத் தூங்கவிடாமல் அடித்தது. சொன்னதைச் செய்தால் போதும். வாடிக்கையாளர் வேண்டாம் என்றார், போடவில்லை. போர்டு இல்லாத பேட்டரி ஒரு வாரம் ஓடும், ஒரு மாதம் கூட ஓடும். தேறின செல்தான் என்றாலும் பழைய செல், ஏதோ ஒன்று மற்றதைவிடச் சீக்கிரம் கிழடாகும், அதற்கு மட்டும் கூடக் கூட ஏறும், கேட்க ஆள் இருக்காது. அவன் கஞ்சன், சைக்கிளை வெளியில் விட மாட்டான், திருட்டுப் பயம், கட்டில் பக்கத்தில்தான் நிறுத்துவான், சார்ஜில் போட்டுவிட்டுப் படுப்பான். முதலில் ஒரு சீறல் கேட்கும், இந்த டீக்கடைப் பாய்லர் மாதிரி. அப்புறம் வெள்ளைப் புகை, இனிப்பான ஒரு நாற்றம் வரும் அதற்கு, அவளுக்குத் தெரியும், ஒரு தடவை கடை வாசலிலேயே ஒன்று வெடித்து மணலைக் கொட்டி அணைத்திருக்கிறாள். அவன் எழுந்திருக்கப் பார்ப்பான், முட்டி மடங்காது. கையை ஊன்றுவான். மெத்தை பிடித்திருக்கும். அவள் பெடலை மிதித்தாள், டக், டக், செல்களைத் திருப்பினாள், அவன் கதவுக்குத் தவழ்வதைப் பார்த்தாள், கதவை அவனே திருட்டுக்குப் பயந்து பூட்டியிருக்கிறான், சாவியைத் தேடுகிறான். நன்றாகத் தேடட்டும். மஞ்சள் டேப்பைக் கிழித்து ஒட்டினாள். மறுநாள் ஆபீசர் வருவார், யாரம்மா பேட்டரி பண்ணது, நான்தான் சார், போர்டு ஏன் போடல, அவராத்தான் சார் வேணாம்னாரு. அந்த இடம் வந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது, மோர் குடித்த மாதிரி. அவராத்தான். ஆனா நல்ல மனுஷன் சார், கொஞ்சம் கஞ்சம். அதை வாய்க்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். மறுபடி சொன்னாள். மறுபடி கட்டிலிலிருந்து ஆரம்பித்தாள், சீறல், புகை, முட்டி. இந்தத் தடவை கட்டிலில் இன்னொரு ஆள் படுத்திருந்தது. யார் அது. அவனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாளா. கேட்கவே இல்லையே. சைக்கிளைக் கொண்டுவந்த அன்றைக்குக் கேரியரில் கீரைக்கட்டு இருந்தது, கீரை வாங்கி வரச் சொல்கிற ஆள் வீட்டில் இருக்கிறது. அந்தப் பெண்பிள்ளையைக் கட்டிலிலிருந்து இறக்கிவிடப் பார்த்தாள், ஊருக்கு அனுப்பிவைத்தாள், பக்கத்து அறையில் படுக்க வைத்தாள், எங்கே வைத்தாலும் புகை கதவுக்கு அடியில் நுழைந்து அங்கே போனது. பெங்களூரில் ட்யூட்டி முடித்து வரும் பாப்பா போனை எடுக்கிறது, அம்மா, போலீஸ்னு யாரோ பேசறாங்கம்மா. இல்லை, இல்லை, ஆரம்பத்திலிருந்து, அவன் தனியாகத்தான் படுத்திருக்கிறான்.

சால்டரிங் புகை கண்ணில் ஏறி இருமல் வந்தபோதுதான் குனிந்து பார்த்தாள். போர்டு ஏறியிருந்தது. மெல்லிசு ஒயர்கள் வரிசையாக, ஒவ்வொரு செல் கூட்டத்திலிருந்தும் ஒன்று, பச்சை போர்டில் பற்ற வைத்து, பசை விட்டு, டேப் சுற்றி, வேலை முடிந்தே போயிருந்தது. அவள் அவனை எரித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவளுடைய கை தன் பாட்டுக்கு வழக்கமான வேலையைச் செய்திருக்கிறது. அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரைக் கேட்டுச் செய்தாய் என்று கையையே அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிங் பிளேயரை எடுத்தாள். இரண்டு இடத்தில் நறுக்கினால் போதும், போர்டு இருந்தும் இல்லாத மாதிரி, வெளியில் தெரியவே தெரியாது. பிளேயரின் வாயை ஒயருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வைத்தாள். இப்போது யாரும் நல்லது கெட்டது சொல்லவில்லை, மாதா சொல்லவில்லை, சவரிமுத்து வந்து கையைப் பிடிக்கவில்லை, அவளுக்கு இரக்கமும் வரவில்லை. வந்தது வேறொன்று. இவன் புகையிலேயே மயங்கி முழிக்காமலே போய்விட்டால்? தூக்கத்திலேயே போகிறவனுக்கு என்ன தெரியும், யார் அனுப்பினது, எதற்கு அனுப்பினது என்று? முழித்தாலும்தான் என்ன, கரண்டுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு சாவான். செத்தவன் நல்லவனாகிவிடுவான், மாலை போடுவார்கள், நாளைக்கு இவளே போய்த் துக்கம் கேட்க வேண்டியிருக்கும். அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் கேட்காமல், அவன் வாயிலிருந்தும் ஒரு சொல்லும் வராமல் அவன் பாட்டுக்குத் தப்பித்துப் போய்விடுவான். அது போதவே போதாது. ஐயோ, அது போதாது. பிளேயரை மேஜையில் வைத்தாள். பேட்டரியைப் பெட்டிக்குள் இறக்கித் திருகாணி முடுக்கி மீட்டர் வைத்துப் பார்த்தாள், கணக்காக இருந்தது. இவ்வளவு ஒழுங்கான பேட்டரியை அவள் இதுவரை செய்ததில்லை.

வெயில் தாழ்ந்ததும் அவர் வந்தார். கையில் ஒரு மஞ்சப்பையோடு, காலை அகட்டி அகட்டி நடந்து வந்தார். பிலோமினா ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டாள்.

"ஆச்சாம்மா?"

"ஆச்சு சார். ஓட்டிப் பாருங்க."

பேட்டரிப் பெட்டியைக் கேரியரில் மாட்டிச் சாவியைத் திருப்பினாள். வலது பிடியை மெதுவாத் திருகணும், பிரேக் பிடிச்சா மோட்டார் நின்னுடும் என்று சொல்லிக்கொடுத்தாள். அவர் பயந்து பயந்து ஏறினார். சைக்கிள் உறுமாமல், குலுங்காமல், யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி கிளம்பியது. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தபோது அவர் முகம் பத்து வயசுப் பையன் முகமாக இருந்தது. பெடலில் கால் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, பறக்குதும்மா! முட்டி இருக்கறதே தெரியலம்மா!"

அந்தச் சந்தோஷத்தை அவள் முழுசாகப் பார்த்தாள். அது அவர் முகத்தில் நன்றாக ஏறி உட்காரட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டாள்.

"அந்த போர்டைப் போட்டுட்டேன் சார்."

முகம் சுருங்கிவிட்டது. "நான்தான் வேணாம்னு சொன்னேன்ல? அதுக்கெல்லாம் என்னால குடுக்க முடியாது. முன்னாடியே பேசினதுதான்."

"போர்டுக்கு வேணாம் சார். பேட்டரிக்கே ஒண்ணும் வேணாம். சும்மா எடுத்துட்டுப் போங்க."

அவர் அவளையும் பேட்டரியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன்?"

"நான் சவரிமுத்து சம்சாரம்."

டீக்கடையில் யாரோ கிளாஸ் கழுவுகிற சத்தம். அவர் ஸ்டாண்டைக் காலால் தேடினார், கிடைக்கவில்லை, மறுபடி தேடினார்.

"எந்த சவரிமுத்து?"

"துவாக்குடியில. மழையில. டிரிப்பர்."

"ஏம்மா, நான் எவ்வளவோ பேர வெச்சு வேலை வாங்கினவன். யாரு எவருன்னு எனக்கு எங்க..."

"ஞாபகம் இல்லன்னாலும் பரவாயில்ல சார்." அவள் சாவியைத் திருப்பி எடுத்து, பேட்டரிப் பெட்டியைக் கழற்றி இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டாள். "ஒரு பேச்சுக்குச் சொல்லுங்க போதும். சவரிமுத்துவ டைரக்டாக் குடுக்கச் சொன்னது நான்தான்னு. ஒரே ஒரு தடவ. இங்க யாரும் இல்ல, நானும் யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன். சொல்லிட்டு இதை எடுத்துட்டுப் போங்க. நாலஞ்சு வருஷத்துக்கு முட்டியே தெரியாது உங்களுக்கு."

அவர் பேட்டரியைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார், வீட்டுக்குப் போகிற திசையில் மேம்பாலத்தைப் பார்த்தார். உதடு ஒரு தரம் பிரிந்தது. பிலோமினா அந்த உதட்டையே பார்த்தாள். வா, வெளியே வா, எத்தனை வருஷமாக அதற்குள் உட்கார்ந்திருக்கிறாய். பிரிந்த உதடு மறுபடி மூடிக்கொண்டது.

"அதெல்லாம் முடிஞ்சுபோன விஷயம்மா" என்றார். "மோட்டாருக்குத்தான் காசு குடுத்தாச்சுல்ல, நான் சைக்கிள மட்டும் எடுத்துக்கறேன். பேட்டரிக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

மஞ்சப்பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, மோட்டார் கனத்தோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்.

பிலோமினா வாசலில் நின்றபடியே நின்றாள். முதலில் அவளுக்குத் தோற்றுப்போன மாதிரிதான் இருந்தது. கையில் இருந்ததை எல்லாம் வைத்தும் ஒரு சொல் வாங்க முடியவில்லை. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிக்கலாமா, டீக்கடைக்காரர்களைக் கூட்டிச் சொல்லலாமா, என்ன சொல்வது, என்ன இருக்கிறது கையில். இந்த ஓட்டத்தில் எங்கேயோ மனசு சட்டென்று தட்டி நின்றது. நிஜமாகவே ஞாபகம் இல்லாதவன் என்ன செய்திருப்பான். பைத்தியக்காரப் பொம்பளை என்று நினைத்துக்கொண்டு, ஆமாம்மா நான்தான், என்று சொல்லிவிட்டுப் பேட்டரியை வாங்கிக்கொண்டு போயிருப்பான். அவனுக்கு அது வெறும் காற்று. கீரைக்கட்டுக்குக் கூடப் பேரம் பேசுகிற மனுஷன், ஓசியில் கிடைக்கிறதை விட்டுவிட்டு, நோகிற முட்டியோடு அந்த இரும்பைத் தள்ளிக்கொண்டு போகிறான். சொல்ல முடியவில்லை அவனால். அந்த வாக்கியம் அவனுக்குக் கனக்கிறது. அப்படியானால் அவன் இன்னும் அதைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறான், பல் தேய்க்கிறபோதும், படுக்கிறபோதும், தலை நிறைய முடி இருந்த காலத்திலிருந்து வழுக்கை விழுந்த காலம் வரை. அவள் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தது அவன் நிம்மதியாகத் தூங்குகிறான் என்று. இல்லை. இல்லவே இல்லை. மோர் குடித்த மாதிரி அந்தக் குளிர்ச்சி வந்தது, இந்தத் தடவை யாரும் எரியாமலே வந்தது. பாலத்தின் ஏற்றம் தொடங்குகிற இடத்தில் அவர் குனிந்து தம் கட்டித் தள்ளினார். வலிக்கட்டும் என்று நினைத்தாள். பாதி ஏற்றத்தில் நின்று சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நன்றாக வலிக்கட்டும். அவர் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு தூரத்துக்கு முகம் தெரியவில்லை, திரும்பினது தெரிந்தது. பிலோமினா நகரவில்லை.

டீக்கடை அந்தோணி தோளில் துண்டோடு வெளியே வந்து, பாலத்தைப் பார்த்துவிட்டு இவளைப் பார்த்தார்.

"என்னக்கா, தள்ளிட்டுப் போறாரு? வண்டி ஓடலையா?"

"ஓடுது அந்தோணி, நல்லா ஓடுது. அவராத்தான் வேணாம்னுட்டாரு" என்றாள் பிலோமினா.